எக்செப்ட் பிளாக்குக்குள்ளேயே பிழை வெடித்தால்: பைத்தானில் தேடிப் பிடிக்கும் முழு வழிகாட்டி

மூன்று நாள் ஒரு தவறான பிழையின் பின்னால் ஓடியிருக்கிறேன். இரவு 2 மணிக்கு கிரானில் (குறித்த நேரத்தில் நிரலைத் தானே ஓட்டும் கருவி) ஓடும் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் அது. சப்ளையர் ஒருவரின் ஏபிஐயில் இருந்து விலைப்பட்டியலை இழுத்து எங்கள் டேட்டாபேஸில் போட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. வாரத்தில் ஓரிரு நாள் காலையில் வந்து பார்த்தால் பாதியில் செத்துக் கிடக்கும். எச்சரிக்கை மெயிலில் ஒரே வரி: அட்ரிபியூட்எரர், நன்டைப் ஆப்ஜெக்ட்டுக்கு ஸ்டேட்டஸ்_கோட் என்று எதுவும் இல்லை.

நானும் அதை நம்பி ஏபிஐ அனுப்பும் ஜேசனைக் கிளறினேன், லைப்ரரியின் வெர்ஷனை மாற்றினேன், சப்ளையரின் ஆளுக்கு போன் போட்டு சண்டைகூடப் போட்டேன். கடைசியில் பார்த்தால் பிழை வந்த வரி என் எக்செப்ட் பிளாக்கில், அதாவது ட்ரை பிளாக்கில் வரும் பிழையைப் பிடித்துக் கையாளும் பகுதியில் இருந்தது. நெட்வொர்க் இணைப்பு கிடைக்காமல் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி கனெக்ஷன்எரர் எறிந்திருக்கிறது. அதைப் பிடித்த என் பிளாக் `ஈ.ரெஸ்பான்ஸ்.ஸ்டேட்டஸ்_கோட்` என்பதை லாக்கில் எழுதப் போயிருக்கிறது (`ஈ` என்பது பிடித்த பிழைக்கு நான் வைத்த பெயர்). இணைப்பே கிடைக்காதபோது பதில் எங்கிருந்து வரும்? ரெஸ்பான்ஸ் நன் (பைத்தானில் 'எதுவும் இல்லை' என்பதற்கான மதிப்பு), அதனால் இரண்டாவது பிழை. அந்த இரண்டாவது பிழைதான் என் மெயிலுக்கு வந்தது, முதலாவது யார் கண்ணிலும் படவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. நிரலில் மிக அரிதாக ஓடும் வரிகள் எக்செப்ட் பிளாக்கில் இருப்பவைதான், டெஸ்ட் எழுதும்போது நாம் முதலில் விட்டுவிடுவதும் அவற்றைத்தான். கசாண்ட்ரா, ஹெச்பேஸ், ஹெச்டிஎஃப்எஸ், மேப்ரெட்யூஸ், ரெடிஸ் ஆகிய ஐந்து அமைப்புகளில் நடந்த 198 கோளாறுகளை டொராண்டோ பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொத்த அமைப்பையும் பாதித்த பெரிய விபத்துகளில் 92 விழுக்காட்டுக்குக் காரணம், நிரலே கண்டுபிடித்துச் சொன்ன சாதாரணப் பிழையை அடுத்த வரிகள் சரியாகக் கையாளாததுதான் என்றார்கள். அனுபவசாலிகள் எழுதிய நிரலிலேயே இந்த நிலைமை.

சரி, வேலைக்கு வருவோம். பைத்தான் 3ஐ வைத்துச் சொல்கிறேன், மற்ற மொழிகளிலும் நோய் இதேதான், மருந்தின் பெயர் மட்டும் மாறும்.

படி 1: ட்ரேஸ்பேக்கை மேலிருந்து படியுங்கள்

எந்தெந்த வரி வழியாக வந்து பிழை வெடித்தது என்று பைத்தான் அச்சிடும் பட்டியல்தான் ட்ரேஸ்பேக். அதன் கடைசி வரியைத்தான் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பாடம் நம்மைக் கவிழ்த்துவிடும். எக்செப்ட் பிளாக்குக்குள் புதுப் பிழை வந்தால் பைத்தான் 3 இரண்டு ட்ரேஸ்பேக்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடும், நடுவில் ஒரு வாக்கியம் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வாக்கியத்தைத் தேடுங்கள்.

அதில் இரண்டு வகை உண்டு. 'மேலே உள்ள எக்செப்ஷனைக் கையாளும்போது இன்னொரு எக்செப்ஷன் ஏற்பட்டது' என்ற பொருளில் இருந்தால் அது பெரும்பாலும் விபத்து, கையாளும் வரிகளே உடைந்திருக்கின்றன. 'கீழே உள்ளதற்கு மேலே உள்ள எக்செப்ஷனே நேரடிக் காரணம்' என்று இருந்தால் யாரோ தெரிந்தே `ரெய்ஸ் ... ஃப்ரம் ஈ` என்று எழுதி ஒன்றை இன்னொன்றாக மாற்றி எறிந்திருக்கிறார்கள், அதில் பயமில்லை. மூல நோய் இரண்டிலும் மேல் துண்டில்தான் இருக்கும்.

இன்னொரு நுணுக்கம். மேல் துண்டு, பிழையைப் பிடித்த ஃபங்ஷனில் இருந்துதான் தொடங்கும். அந்த ஃபங்ஷனை யார் கூப்பிட்டார்கள், எந்த வழியாக அங்கே வந்தோம் என்பது கடைசித் துண்டில்தான் முழுசாக இருக்கும். அதனால் காரணத்தை மேலேயும் வந்த வழியைக் கீழேயும் பார்க்க வேண்டும், ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து நண்பருக்கு அனுப்பினால் அவரும் குழம்புவார்.

மேல் துண்டே இல்லையா? எச்சரிக்கை மெயிலோ லாக் பார்க்கும் திரையோ கடைசிச் சில வரிகளை மட்டும் காட்டுகிறதா என்று பாருங்கள். என் விஷயத்தில் நடந்தது அதுதான், மெயில் அனுப்பும் ஸ்கிரிப்ட் கடைசி வரியை மட்டும் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது, முழு லாக் சர்வரிலேயே இருந்தது, மூன்று நாளும் நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. அது இல்லையென்றால் யாராவது `ரெய்ஸ் ... ஃப்ரம் நன்` என்று எழுதியிருக்கலாம். அது பழைய பிழையை அழிப்பதில்லை, அச்சில் மட்டும் மறைக்கிறது. எக்செப்ஷன் ஆப்ஜெக்ட்டின் `__காண்டெக்ஸ்ட்__` என்ற அட்ரிபியூட்டில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும், டீபக்கரில் (நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) எட்டிப் பார்க்கலாம்.

படி 2: வேறெதுவும் செய்யும் முன் முதல் பிழையைப் பத்திரப்படுத்துங்கள்

சந்தேகமுள்ள எக்செப்ட் பிளாக்கின் முதல் வரியாக `லாக்கர்.எக்செப்ஷன்` என்பதை வெறும் ஒரு சொற்றொடரோடு போடுங்கள். உதாரணமாக 'விலைப்பட்டியல் இறக்கம் தோற்றது', அவ்வளவு போதும். ட்ரேஸ்பேக்கை அது தானே சேர்த்துக்கொள்ளும். அந்த வரியில் `ஈ`யின் எந்த அட்ரிபியூட்டையும் தொடாதீர்கள், எஃப்-ஸ்ட்ரிங்கில் (மதிப்புகளை உள்ளேயே கோர்த்து எழுதும் சரம்) எதையும் கணக்குப் போடாதீர்கள். அழகான செய்தியை எல்லாம் அடுத்த வரியில் வைத்துக்கொள்ளலாம், அது உடைந்தாலும் முதல் பிழை ஏற்கெனவே கோப்பில் ஏறியிருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செய்தியில் விழுக்காட்டுக் குறி வைத்து மதிப்புகளைத் தனியாகக் கொடுக்கும் பழைய முறையில், செய்தியைக் கோர்க்கும்போது தவறு நேர்ந்தால் லாகிங் மாட்யூல் அதை வெளியே எறியாது. ஸ்டாண்டர்ட் எரரில் (நிரல் பிழைச் செய்திகளை எழுதும் தனி வழி) 'லாகிங் எரர்' என்று ஒரு தலைப்புப் போட்டு எழுதிவிட்டு நகர்ந்துவிடும். நீங்கள் லாக் கோப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வரி ஏன் வரவில்லை என்றே தெரியாது. கிரானில் ஓடும் ஸ்கிரிப்ட்டின் ஸ்டாண்டர்ட் எரரை எழுதியதெல்லாம் காணாமல் போகும் /டெவ்/நல்லுக்குத் திருப்பிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, முதலில் அதை நிறுத்துங்கள். எஃப்-ஸ்ட்ரிங்குக்கு இந்தப் பாதுகாப்பும் கிடையாது, லாக்கர் கைக்குப் போகும் முன்பே அது கணக்கிடப்பட்டு அங்கேயே வெடிக்கும். `ஈ.ரெஸ்பான்ஸ்.ஸ்டேட்டஸ்_கோட்` போன்றவற்றை எந்த முறையில் கொடுத்தாலும் இதே கதிதான்.

படி 3: வழக்கமான குற்றவாளிகளைச் சோதியுங்கள்

இனி எக்செப்ட் பிளாக்கை ஒவ்வொரு வரியாகப் படித்து, 'இந்த வரிக்கு வரும்போது உண்மையில் என்னென்ன கையில் இருக்கும்?' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். நான் திரும்பத் திரும்பப் பார்த்தவை இவை.

*இல்லாத அட்ரிபியூட்.* மேலே சொன்ன ரெஸ்பான்ஸ் ஒன்று. பைத்தான் 2 காலத்து `ஈ.மெசேஜ்` இன்னொன்று, பைத்தான் 3இல் அது கிடையாது, ஆனாலும் பழைய நிரலில் இன்னும் ஒளிந்திருக்கும். சப்ராசஸின் கால்டுபிராசஸ்எரரில் `ஈ.எஸ்டிடிஎர்ர்` இருக்கும், ஆனால் அவுட்புட்டைப் பிடிக்கச் சொல்லாமல் ஓட்டியிருந்தால் அது நன், பிடித்திருந்தாலும் டெக்ஸ்ட் கேட்காதவரை பைட்ஸ்.

ரெஸ்பான்ஸ் விஷயத்தில் நான் இரண்டாவது முறையும் அடிபட்டேன். நன் என்று தெரிந்ததும் `இஃப் ஈ.ரெஸ்பான்ஸ்:` என்று ஒரு காவல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ரிக்வெஸ்ட்ஸில் 400 அல்லது அதற்கு மேற்பட்ட பிழைக் குறியோடு வரும் ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட்டை இஃப்பில் வைத்தால் அது பொய் என்றே மதிப்பிடப்படும். அதாவது சர்வர் 500 என்று பதில் சொன்ன நாளிலும் என் நிரல் 'பதிலே வரவில்லை' என்று லாக் எழுதிக்கொண்டிருந்தது. `இஸ் நாட் நன்` என்று வெளிப்படையாக எழுதுங்கள், சோம்பல் வேண்டாம்.

*எக்செப்ட் வரியிலேயே எழுத்துப்பிழை.* எக்செப்டுக்குப் பக்கத்தில் எழுதும் கிளாஸ் பெயரை பைத்தான் நிரல் தொடங்கும்போது சரிபார்ப்பதில்லை, பிழை வந்து பொருத்தம் பார்க்க வேண்டிய நேரத்தில்தான் அந்தப் பெயரைத் தேடும். ஆகவே இம்போர்ட் செய்யாத பெயரோ ஓரெழுத்து மாறிய பெயரோ ஆறு மாதம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு, முதல் பிழை வரும் ராத்திரியில் நேம்எரராக எழுந்து நிற்கும். நிரலை ஓட்டாமலே தவறு தேடும் பைஃப்ளேக்ஸ் அல்லது ரஃப் போட்டால் பாதியாவது முன்பே மாட்டும்.

*ஃபைனலியில் பிறக்காத மாறி.* பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஓடும் பகுதிதான் ஃபைனலி. ட்ரைக்குள் முதல் வரியில் டேட்டாபேஸ் இணைப்பை வாங்கி `கான்` என்ற மாறியில் வைக்கிறீர்கள், ஃபைனலியில் `கான்.குளோஸ்` என்று மூடுகிறீர்கள். இணைப்பு வாங்குவதே தோற்றால் `கான்` பிறக்கவே இல்லை, ஃபைனலியில் அன்பவுண்ட்லோக்கல்எரர் வரும். இணைப்பு வாங்கும் வரியை ட்ரைக்கு வெளியே மேலே நகர்த்துங்கள், அல்லது `வித்` பயன்படுத்துங்கள்.

*காணாமல் போகும் `ஈ`.* `எக்செப்ட் ... அஸ் ஈ` என்று பிடித்த பெயர், பிளாக் முடிந்ததும் பைத்தானாலேயே அழிக்கப்படும். எக்செப்ஷன் ட்ரேஸ்பேக்கைப் பிடித்துக்கொள்கிறது, ட்ரேஸ்பேக் ஃபங்ஷனின் மாறிகளைப் பிடித்துக்கொள்கிறது, அதில் `ஈ`யும் ஒன்று என்று வட்டமாகிவிடும், அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. பிளாக்குக்குக் கீழே `ஈ`யைத் தொட்டால் பிழை வரும். வேண்டுமானால் உள்ளேயே வேறொரு பெயருக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

*கெட்டுப்போன டிரான்சாக்ஷன்.* போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் (ஒன்றாகவே முடியும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் கட்டளைத் தொகுதி) ஒரு கட்டளை தோற்றால், ரோல்பேக் செய்து அதை ரத்தாக்கும்வரை அடுத்த எந்தக் கட்டளையையும் அது ஏற்காது, டிரான்சாக்ஷன் கைவிடப்பட்டுவிட்டது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும். நாம் என்ன செய்வோம்? எக்செப்ட் பிளாக்கில் அதே இணைப்பை வைத்துக்கொண்டு 'எரர் லாக்' டேபிளில் ஒரு வரி எழுதப் போவோம். அங்கே இரண்டாவது பிழை, முதல் பிழை காலி. ஜாங்கோவில் டிரான்சாக்ஷன்மேனேஜ்மென்ட்எரர், எஸ்கியூஎல்ஆல்கெமியில் பெண்டிங்ரோல்பேக்எரர் என்று முகம் மாறி வந்தாலும் ஆள் ஒருவரேதான். முதலில் ரோல்பேக், அப்புறம் எழுத்து.

*தோற்ற பொருளையே திரும்ப நம்புவது.* டிஸ்க் நிறைந்து கோப்பு எழுத முடியவில்லை, அதைச் சொல்ல அதே டிஸ்க்கில் லாக் எழுதுகிறோம். நெட்வொர்க் போய்விட்டது, அதை அதே நெட்வொர்க் வழியாக மெயிலில் சொல்கிறோம். படிக்கும்போது சிரிப்பாக இருக்கும், உங்கள் நிரலில் தேடிப் பாருங்கள், ஒன்றாவது இருக்கும்.

*நாமே எழுதிய எக்செப்ஷன் கிளாஸ்.* `__இனிட்__`டில் இரண்டு மதிப்புகளைக் கேட்டுவிட்டு தாய் கிளாஸுக்கு ஒன்றை மட்டும் அனுப்பினால் சாதாரணமாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. மல்டிபிராசஸிங்கில் அந்த எக்செப்ஷன் ஒரு பிராசஸில் இருந்து இன்னொன்றுக்கு பிக்கிள் ஆகி, அதாவது பைட்களாகச் சுருட்டப்பட்டுப் போய்த் திரும்பப் பிறக்கும்போது 'மதிப்பு குறைகிறது' என்று டைப்எரர் வரும், சில நேரம் பூல் அப்படியே தொங்கிவிடும். மேலே இருந்து வந்த எல்லா மதிப்புகளையும் தாய் கிளாஸுக்கும் அனுப்பிவிட்டால் தீர்ந்தது.

படி 4: டீபக்கரில் முதல் பிழையின் இடத்துக்கே போங்கள்

பைத்தானோடு வரும் டீபக்கர் பிடிபி. `பைத்தான் -எம் பிடிபி` வைத்து ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் கையாளப்படாத பிழை வந்ததும் அங்கேயே நிற்கும். சிக்கல், அது நிற்பது கடைசிப் பிழையின் இடத்தில். பைத்தான் 3.13இல் இருந்து பிடிபியில் `எக்செப்ஷன்ஸ்` என்று ஒரு கட்டளை இருக்கிறது, அடித்தால் சங்கிலியில் உள்ள எல்லாப் பிழைகளையும் 0இல் தொடங்கி எண் போட்டுக் காட்டும், `எக்செப்ஷன்ஸ் 0` என்றால் மூலப் பிழை வெடித்த இடத்துக்கே தூக்கிக்கொண்டு போகும், அங்கே மாறிகளை எல்லாம் அச்சிட்டுப் பார்க்கலாம். எனக்கு 3.13க்கு மாற இது ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

பழைய வெர்ஷனா? `பைத்தான் -ஐ` போட்டு ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள், பிழை வந்து கன்சோல் கிடைத்ததும் `சிஸ்.லாஸ்ட்_வேல்யூ`வின் `__காண்டெக்ஸ்ட்__`டை எடுத்து, அதன் `__ட்ரேஸ்பேக்__`கை `பிடிபி.போஸ்ட்_மார்ட்டம்`க்குக் கொடுங்கள். விஎஸ் கோடில் இருப்பவர்கள் பிரேக்பாயிண்ட் பட்டியலில் 'ரெய்ஸ்டு எக்செப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் பிழை பிறந்த நொடியிலேயே நிற்கும். லைப்ரரிகள் தங்களுக்குள் எறிந்து பிடித்துக்கொள்ளும் சில்லறைப் பிழைகளுக்கும் நின்றுகொண்டே இருக்கும் என்பதால், சந்தேகப்படும் வரிக்குச் சற்று முன்னால் வந்த பிறகு டிக் போடுங்கள்.

படி 5: பிழையை நீங்களே வரவழையுங்கள்

காரணம் தெரிந்துவிட்டது என்று பிளாக்கைத் திருத்திவிட்டு 'அடுத்த முறை வரும்போது பார்ப்போம்' என்று விட்டுவிடாதீர்கள், நான் அப்படி விட்டதால்தான் `இஃப் ஈ.ரெஸ்பான்ஸ்`இல் மறுபடி மாட்டினேன். டெஸ்டில் நிஜ ஃபங்ஷனுக்குப் பதிலாக நிற்கும் போலிதான் யூனிட்டெஸ்ட்டின் மாக். அதில் `சைட்_எஃபெக்ட்` என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு எக்செப்ஷனைக் கொடுத்தால் அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டவுடன் அதை எறியும். `ரிக்வெஸ்ட்ஸ்.கெட்`டை அப்படி மாற்றி வைத்து மூன்று விதமாக ஓட்டினேன்: பதிலே இல்லாத கனெக்ஷன்எரர், 500 பதிலோடு வரும் ஹெச்டிடிபிஎரர், பதில் வந்தும் உள்ளே ஜேசன் இல்லாத நிலை. மூன்றாவதில் இன்னொரு ஓட்டை கிடைத்தது, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

டிஸ்க் நிறைந்த நிலையைச் சோதிக்க டிஸ்க்கை நிரப்ப வேண்டாம். லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்று ஒரு கோப்பு இருக்கிறது, அதில் எதை எழுதினாலும் 'இடம் இல்லை' என்ற பிழை எண் 28 திரும்பி வரும். லாக் கோப்பின் பாதையை அதற்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். பைத்தான் பஃபரில் சேர்த்து வைத்து எழுதுவதால் பிழை ரைட்டில் வராமல் ஃப்ளஷ்ஷிலோ குளோஸிலோ வரலாம், அதுவே உங்கள் ஃபைனலி பிளாக்குக்கு நல்ல சோதனை.

டெஸ்டில் எந்த வரிகள் ஓடின என்று கணக்கெடுக்கும் கவரேஜ் கருவியில் விட்டுப்போன வரிகளைக் காட்டும் அறிக்கையைத் திறந்து எக்செப்டுக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் பாருங்கள். மொத்த விழுக்காடு எவ்வளவு என்று நான் பார்ப்பதில்லை, அந்த வரிகள் ஒருமுறையாவது ஓடினவா என்பதுதான் எனக்கு வேண்டும்.

படி 6: கையாளும் பகுதியைத் திருப்பி எழுதுங்கள்

ட்ரைக்குள் தோற்கக்கூடிய ஒன்றிரண்டு வரிகளை மட்டும் வையுங்கள், நாற்பது வரியை உள்ளே போட்டால் எது தோற்றது என்று எக்செப்ட் ஊகிக்க வேண்டியிருக்கும். எக்செப்டில் முதலில் லாக், அப்புறம் சுத்தம் செய்தல், கடைசியில் வெறும் `ரெய்ஸ்`. மெயில் அனுப்புவது, ஸ்லாக்கில் சொல்வது போன்ற 'முடிந்தால் செய்' வேலைகளைத் தனி ஃபங்ஷனாக்கி, அதற்குள் அதன் சொந்த ட்ரையை வைத்து, அது தோற்றால் லாக் எழுதிவிட்டுத் திரும்பும்படி செய்யுங்கள். கூடுதல் விவரம் சேர்க்க வேண்டுமென்றால் புது எக்செப்ஷன் கண்டுபிடிக்கத் தேவையில்லை, பைத்தான் 3.11 முதல் `ஈ.ஆட்_நோட்` இருக்கிறது, குறிப்பை அதில் ஒட்டிவிட்டு அதே பிழையை மேலே விடலாம்.

ஃபைனலிக்குள் `ரிட்டர்ன்` எழுதவே எழுதாதீர்கள். பறந்துகொண்டிருக்கும் பிழையை அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும், பைத்தான் 3.14 இதற்கு எச்சரிக்கையே கொடுக்கிறது. வெறும் `எக்செப்ட்:` எழுதினால் கண்ட்ரோல்-சியும் சிஸ்டம்எக்ஸிட்டும்கூட மாட்டிக்கொள்ளும், ஸ்கிரிப்ட்டை நிறுத்த முடியாமல் கில் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

வெடிக்காமலே கெடுக்கும் எக்செப்ட் பிளாக் இன்னும் மோசம். விலை கிடைக்காவிட்டால் 0 திருப்பு என்று எழுதியிருந்தேன் ஒரு இடத்தில். அந்த 0 டேட்டாபேஸில் ஏறி, இன்வாய்ஸில் ஏறி, வாடிக்கையாளர் சந்தோஷமாக போன் செய்தபோதுதான் தெரிந்தது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம் சுமார் 40 நொடிகளில் வெடித்து முடிந்ததிலும் இதன் சாயல் உண்டு. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றப்போய் வழிகாட்டும் கணினியில் எக்செப்ஷன் வந்தது, அது தன்னை நிறுத்திக்கொண்டு பிழை விவரத்தை வெளியே அனுப்பியது, முதன்மைக் கணினி அதைப் பறக்கும் திசை பற்றிய தகவல் என்று எடுத்துக்கொண்டு எஞ்சின் முனைகளைத் திருப்பிவிட்டது. பிழைத் தகவலும் உண்மைத் தகவலும் ஒரே குழாயில் போகக் கூடாது. விலை தெரியாவிட்டால் தெரியாது என்று எறியுங்கள்.

என் ஸ்கிரிப்ட்டுக்கு வருகிறேன். பிளாக்கைச் சரிசெய்த பிறகு வந்த முதல் தோல்வியிலேயே மெயிலில் நிஜக் காரணம் இருந்தது: பெயரை ஐபி முகவரியாக மாற்ற முடியவில்லை, நேரம் 2 மணி 0 நிமிடம் சில நொடிகள். அலுவலக ரவுட்டர் தினமும் இரவு சரியாக 2 மணிக்குத் தானே ரீஸ்டார்ட் ஆகும்படி யாரோ எப்போதோ வைத்திருந்தார்கள். ரவுட்டர் படுப்பதற்குள் ரிக்வெஸ்ட் போய்ச் சேர்ந்த நாட்களில் எல்லாம் நல்லபடியாக ஓடியிருக்கிறது, தாமதமான நாட்களில் செத்திருக்கிறது. கிரானில் 2:00 என்றிருந்ததை 2:20 ஆக்கினேன். சப்ளையரின் ஆளுக்கு போன் போட்டு மன்னிப்பும் கேட்டேன்.